கூகர் என்ற பெயரை உதறிய சீமூர்க்காரர்

அமெரிக்க ராக் பாடகர் ஜான் மெல்லன்கேம்ப் எழுதிய பாட்டுகளில் இரண்டு அமெரிக்காவில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரியும். ஒன்று ‘பிங்க் ஹவுசஸ்’, இன்னொன்று ‘ஸ்மால் டவுன்’. சுதந்திர தினக் கொண்டாட்டம், தேர்தல் கூட்டம், விளையாட்டு மைதானம் என்று எங்கே ஒலித்தாலும் கூட்டம் சேர்ந்து பாடிவிடும். இரண்டையும் நாட்டுப் பெருமை, ஊர்ப் பெருமை பேசும் பாட்டுகள் என்று நினைத்துப் பாடுகிறவர்கள்தான் அதிகம். அப்படி நினைக்கக் காரணம் பல்லவி. சரணங்கள் வேறு கதை சொல்கின்றன.

‘பிங்க் ஹவுசஸ்’ பாட்டின் முதல் சரணத்தில் ஒரு கறுப்பின மனிதர் வருகிறார். அவர் வீட்டு முற்றத்தை ஒட்டியே நெடுஞ்சாலை ஓடுகிறது. தன்னிடம் எல்லாம் இருக்கிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த சரணத்தில் ஓர் இளைஞன். ‘நீ ஒருநாள் ஜனாதிபதி ஆவாய்’ என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். அந்தக் கனவெல்லாம் வந்த வழியே போய்விட்டது. கடைசியில் உயரமான கட்டடத்தில் வேலை, மெக்சிகோ வளைகுடாவில் விடுமுறை, எல்லாவற்றுக்கும் விலை கொடுத்துக்கொண்டே இருக்கும் எளிய ஜனங்கள். இவ்வளவுக்கும் பிறகு ‘இதுதானே அமெரிக்கா’ என்ற பொருளில் பல்லவி எழுகிறது. அது பெருமூச்சு. ஆனால் கிதாரும் டிரம்ஸும் அதைத் தூக்கி நிறுத்தும் வேகத்தில் கேட்பவருக்கு அது வெற்றி முழக்கமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 1984 தேர்தலில் ரொனால்ட் ரேகனின் பிரசாரக் குழு இந்தப் பாட்டைக் கேட்டது. மெல்லன்கேம்ப் தரமாட்டேன் என்றார். 2008-ல் ஜனாதிபதி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் கூட்டங்களில் இவருடைய பாட்டுகள் ஒலித்தபோதும் நிறுத்தச் சொன்னார்.

தன் குரல் தப்பாகக் கேட்கப்படுவது இவருக்குப் புதிதல்ல. முதல் ஆல்பத்திலேயே அவருடைய பெயரே தப்பாகத்தான் அச்சாகி வந்தது.

அந்தக் கதைக்குப் போகுமுன் ‘ஹார்ட்லேண்ட் ராக்’ என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். ஹார்ட்லேண்ட் என்றால் நாட்டின் நடுப்பகுதி. இண்டியானா, ஒஹாயோ, இல்லினாய், அயோவா, மிச்சிகன் என்று மக்காச்சோளமும் சோயாவும் விளையும் நிலமும், காரும் இரும்பும் செய்த ஆலைகளும் கலந்த பிரதேசம். 1970-களின் பிற்பகுதியிலிருந்து 80-கள் வரை அந்த வாழ்க்கையைப் பாடிய ராக் இசைக்கு விமர்சகர்கள் வைத்த பெயர் இது. பாடியவர்கள் எல்லோரும் அந்தப் பகுதிக்காரர்கள் இல்லை. பாப் சீகர் மிச்சிகன்காரர், சரி. ஆனால் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கிழக்குக் கரையில் நியூ ஜெர்சி, டாம் பெட்டி தெற்கே ஃபுளோரிடா. இவர்களைச் சேர்த்தது இசையின் குணம்தான். சின்தசைசரும் மினுமினுப்பும் ஓங்கியிருந்த காலத்தில் இவர்கள் கிதார், டிரம்ஸ், ஆர்கன் என்று 60-களின் நேரான ராக் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டுக்குள் ஷிப்ட் வேலைக்காரர்களும், பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்களும், ஆலை மூடியபின் என்ன செய்வதென்று தெரியாதவர்களும் இருந்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் மெல்லன்கேம்ப் தனித்துத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்பிரிங்ஸ்டீனின் ஆரம்பகாலப் பாட்டுகளில் வருகிறவன் காரை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடத் துடிப்பவன். மெல்லன்கேம்ப் பாட்டில் வருகிறவன் பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிடுகிறான். பாட்டெழுதியவரும் அப்படித்தான். லாஸ் ஏஞ்சலிசுக்கோ நியூயார்க்குக்கோ குடிபோகாமல், பிறந்த ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி புளூமிங்டன் பக்கமே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்.

பிறந்த ஊர் சீமூர், இண்டியானா மாநிலம். பிறந்தது 1951 அக்டோபர் 7. அப்போது அங்கே பத்தாயிரம் பேர் அளவுக்கு இருந்திருப்பார்கள். அதற்கு முன் அந்த ஊர் பேர் வாங்கியது ஒரு ரயில் கொள்ளையால்: 1866-ல் ரீனோ சகோதரர்கள் ஓடும் ரயிலைக் கொள்ளையடித்தது அதன் பக்கத்தில்தான். குழந்தை ஜான் முதுகெலும்புக் குறைபாட்டோடு பிறந்தான். முதுகுத்தண்டை மூடவேண்டிய எலும்பு சரியாக மூடாமல் இருக்கும் ஸ்பைனா பிஃபிடா என்ற நோய். அந்தக் காலத்தில் அந்தக் குழந்தைகளில் பலர் பிழைக்கமாட்டார்கள். இண்டியானாபொலிசில் அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்தின் பின்புறம் தழும்பு மட்டும் தங்கியது. பள்ளியில் மற்ற பிள்ளைகள் ‘அது என்ன?’ என்று கேட்ட பிறகுதான் தனக்கு என்ன நடந்தது என்பதே அவனுக்குத் தெரியவந்தது.

பதினான்கு வயதில் சேர்ந்த முதல் குழு ‘கிரேப் சோல்’. அதில் முன்னால் நின்று பாடியவர்கள் இரண்டு பேர்: இவர், கூட ஒரு கறுப்பினப் பையன். 1960-களின் நடுவில் தெற்கு இண்டியானாவில் இது சாதாரண விஷயம் இல்லை. மேடையில் பாடும்வரை கைதட்டுவார்கள், இறங்கி வெளியே வந்தால் அந்த நண்பனோடு சண்டைக்கு நிற்பார்கள் என்று பிற்காலத்தில் மெல்லன்கேம்ப் பலமுறை சொல்லியிருக்கிறார். தான் பாடும் ஊரை அவர் எவ்வளவு நேசித்தாலும், அந்த ஊர் யாரிடம் எப்படி நடந்துகொண்டது என்பதை மறக்கவில்லை. நாற்பது வருடம் கழித்து லூசியானாவின் ஜீனா என்ற ஊரில் ஆறு கறுப்பின மாணவர்கள் மீது போட்ட வழக்கைப் பற்றிப் பாட்டு எழுதியவரும் இவர்தான்.

பதினெட்டு வயதில் ஓடிப்போய்த் திருமணம், சீக்கிரமே ஒரு பெண் குழந்தை. வின்சென்ஸ் நகரில் கல்லூரிப் படிப்பு. பிறகு ஒரு தொலைபேசி கம்பெனியில் வேலை. அந்த வேலையும் போன பிறகு, பதிவு செய்த பாட்டுகளை எடுத்துக்கொண்டு நியூயார்க்குக்கு நடையாய் நடந்தார். கடைசியில் கதவைத் திறந்தவர் டோனி டிஃப்ரீஸ். பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியை நட்சத்திரமாக ஆக்கிய மேனேஜர் அவர்.

டிஃப்ரீசுக்கு நட்சத்திரங்களைத் தயாரிப்பதில் ஒரு முறை இருந்தது. மெல்லன்கேம்ப் என்ற ஜெர்மானியப் பெயர் வாயில் நுழையாது, விற்காது என்பது அவர் முடிவு. 1976-ல் ‘செஸ்ட்நட் ஸ்ட்ரீட் இன்சிடென்ட்’ என்ற முதல் ஆல்பம் வெளிவந்தபோது அட்டையில் இருந்த பெயர் ஜானி கூகர். கூகர் என்றால் மலைச்சிங்கம். தன் பெயர் மாறியது பாட்டுக்காரருக்கே அட்டையைப் பார்த்துத்தான் தெரியும். ‘இதற்கு ஒத்துக்கொண்டால் ஆல்பம், இல்லையென்றால் இல்லை’ என்ற நிலை. ஒத்துக்கொண்டார். சீமூரில் ‘ஜானி கூகர் தினம்’ என்று ஊர்வலமே நடத்தினார்கள். தன்னைப் பிறந்ததிலிருந்து அறிந்த ஊர்க்காரர்கள் முன்னால், திறந்த காரில் உட்கார்ந்து, தனக்குச் சொந்தமில்லாத ஒரு பெயருக்காகக் கையசைத்துக்கொண்டு போவது எப்படி இருந்திருக்கும்! அவருடைய பிற்காலக் கோபத்தின் பெரும்பகுதி அந்தக் காரில்தான் தொடங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆல்பம் விற்கவில்லை. எம்.சி.ஏ. கம்பெனி கைகழுவியது. அடுத்ததாகப் பாடகர் ராட் ஸ்டூவர்ட்டின் மேனேஜராக இருந்த பில்லி காஃப் இவரைத் தன் ரிவா நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டார். ‘ஐ நீட் எ லவர்’ என்ற பாட்டு முதலில் ஓடியது ஆஸ்திரேலியாவில். அப்புறம் பாடகி பேட் பெனட்டார் அதைத் தன் குரலில் பாடி அமெரிக்க வானொலிகளில் ஏற்றினார். 1980-ல் வந்த ஆல்பத்தில் குழுவின் டிரம்மர் கென்னி அரனாஃபை வாசிக்கவே விடவில்லை. ஸ்டூடியோ கலைஞர்களைக் கூப்பிட்டு வாசித்துக்கொண்டார்கள். அவர் கோபித்துக்கொண்டு கிளம்பாமல் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். அந்த முடிவு இரண்டு வருடத்தில் பலன் தந்தது.

1982-ல் ‘அமெரிக்கன் ஃபூல்’. அதிலிருந்த ‘ஹர்ட்ஸ் சோ குட்’ அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் இரண்டாமிடம் வரை போனது, கிராமி விருதும் வாங்கித் தந்தது. ‘ஜாக் அண்ட் டயான்’ நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆல்பம் ஒன்பது வாரம் முதலிடம்.

‘ஜாக் அண்ட் டயான்’ உருவான விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அது கிட்டத்தட்டத் தூக்கி எறியப்பட்ட பாட்டு. எத்தனை முறை வாசித்தும் குழுவுக்குப் பிடிபடவில்லை. கிதார் அடிக்கும், நிற்கும், மறுபடி அடிக்கும். நடுவில் தாளம் தவறாமல் இருப்பதற்காகக் கைதட்டலைப் பதிவு செய்து வைத்தார்கள். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுவதாகத்தான் திட்டம். எடுத்துப் பார்த்தால் பாட்டு விழுந்துவிட்டது, மறுபடி போட்டுவிட்டார்கள். இன்று அந்தப் பாட்டை அடையாளம் காட்டுவதே அந்தத் தட்டல்தான். டேவிட் போவியோடு வாசித்த கிதார் கலைஞர் மிக் ரான்சன் அப்போது ஸ்டூடியோவில் இருந்தார். நடுவில் கோரஸாக ஒரு குரல் எழும்பட்டும் என்று சொன்னவர் அவர். லின் என்ற டிரம் மெஷினை அரனாஃப் நிரல்படுத்தினார். பாட்டின் பாதிக்குமேல் மெஷின் சாதுவாகத் தட்டிக்கொண்டிருக்க, திடீரென்று உண்மையான டிரம்ஸ் உடைத்துக்கொண்டு இறங்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஓரத்தில் உட்காரவைக்கப்பட்டவரின் கை அது.

பாட்டு இரண்டு இளசுகளின் காதல் கதை. ஜாக் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறவன், டயான் அவன் காரின் பின்சீட்டில். முதலில் எழுதியபோது ஜாக் கறுப்பினப் பையன் என்று மெல்லன்கேம்ப் சொல்லியிருக்கிறார். கம்பெனிக்காரர்கள் ‘அது வேண்டாமே, ஃபுட்பால் வீரன் என்று மாற்றிவிடலாமே’ என்றார்கள், மாற்றினார். பெயரை மாற்றினார்கள், அப்புறம் பாட்டில் வருகிறவனையும் மாற்றினார்கள். அந்தச் சமரசம் இல்லாமல் பாட்டு முதலிடம் போயிருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் பதினான்கு வயதில் தன்னோடு மேடையில் நின்ற நண்பனை நினைத்துப் பார்த்தால் அந்தப் பாட்டு இழந்தது சின்ன விஷயம் இல்லை.

வெற்றி ஒன்றை மட்டும் நிச்சயமாகத் தந்தது: பேரம் பேசும் சக்தி. 1983-ல் ‘அ-ஹஹ்’ ஆல்பம் வந்தபோது அட்டையில் ஜான் கூகர் மெல்லன்கேம்ப் என்று இருந்தது. கூகரை ஒரேயடியாக எடுத்தால் கடைக்காரருக்கும் வானொலிக்கும் ஆள் யாரென்று தெரியாது, அதனால் அப்பா பெயரைப் பின்னால் ஒட்டவைத்தார். அந்த ஆல்பம் சீமூர் பக்கத்திலேயே, ‘குடிசை’ என்று அவர்கள் கூப்பிட்ட ஒரு வீட்டில் பதிவானது. பளபளப்பே இல்லாத சத்தம். அதில்தான் ‘பிங்க் ஹவுசஸ்’ இருக்கிறது. இண்டியானாபொலிஸ் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக் காரோட்டி வரும் வழியில், மேம்பாலத்திலிருந்து கீழே பார்த்தபோது கிடைத்த பாட்டு அது. ரோஸ் நிறத்தில் ஒரு சின்ன வீடு, முன்னால் மலிவான நாற்காலியில் ஒரு கறுப்பின முதியவர், மடியில் ஒரு பிராணி. ஆறு வழிச்சாலையின் வண்டிகள் தலைக்குமேல் இரைந்துகொண்டு போகின்றன. அவர் மேலே பார்த்தார், முகத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. அந்த முகத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாத தவிப்புதான் பாட்டு. ‘ஜாக் அண்ட் டயான்’ விட்டுக்கொடுத்த மனிதர் அடுத்த வருடமே இந்தப் பாட்டின் முதல் வரியில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து 1985, ‘ஸ்கேர்குரோ’. மெல்லன்கேம்ப் ஒரே ஓர் ஆல்பம் செய்திருந்தால் இதுவாகத்தான் இருக்கவேண்டும். இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து அமெரிக்க விவசாயியின் கடன் கணக்கு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

1972-ல் சோவியத் யூனியன் அமெரிக்கத் தானியத்தை மொத்தமாக வாங்கியது. விலை ஏறியது. அப்போதைய வேளாண் அமைச்சர் எர்ல் பட்ஸ் (இவரும் இண்டியானாக்காரர்தான்) வேலியிலிருந்து வேலி வரை விதையுங்கள் என்றார். நிலத்தின் விலை வருடா வருடம் உயர்ந்தது. வங்கிகள் அந்த ஏறிய விலையை அடமானமாக வைத்துக்கொண்டு மேலும் கடன் கொடுத்தன: இன்னும் நிலம், இன்னும் பெரிய டிராக்டர், இன்னும் ஒரு களஞ்சியம். 1979 அக்டோபரில் பணவீக்கத்தை அடக்குவதற்காக மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை ஏறவிட்டார். 1980 டிசம்பரில் வங்கிகளின் அடிப்படை வட்டியே 21.5 சதவீதம். அதே வருடம் ஜனவரியில், சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததற்குப் பதிலடியாக ஜிம்மி கார்ட்டர் தானிய ஏற்றுமதியை நிறுத்தியிருந்தார். விளைச்சலுக்கு விலை இல்லை, கடனுக்கு வட்டி ஏறுகிறது, அடமானம் வைத்த நிலத்தின் மதிப்பு சரிகிறது. அயோவாவில் 1981-லிருந்து 1986-க்குள் ஏக்கரின் சராசரி மதிப்பு 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. உழைப்பில் எந்தக் குறையும் வைக்காதவர்கள் திடீரென்று திவாலானார்கள். ஊர் ஊராக ஜப்தி, ஏலம். நிலம், டிராக்டர், தாத்தா காலத்துக் கலப்பை எல்லாம் வரிசையாக வெளியில் அடுக்கப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரனே ஏலம் கேட்கும் அவலம்.

மெல்லன்கேம்ப் விவசாயி இல்லை. அவர் வளர்ந்த ஊரைச் சுற்றி இருந்தவர்கள் விவசாயிகள். சீமூரில் கூடவே வளர்ந்த நண்பர் ஜார்ஜ் கிரீனோடு உட்கார்ந்து எழுதியது ‘ரெயின் ஆன் த ஸ்கேர்குரோ’. சோளக்கொல்லை பொம்மைமேல் மழை விழுகிறது, கொல்லை இனி நம்முடையது இல்லை. பாட்டில் பேசுகிறவன் பேரன். அவன் தாத்தா திருத்திய நிலம் கடனில் போய்விட்டது. ஏலம் போடுகிறவன் பழைய சிநேகிதன். ‘இது என் வேலை, தப்பாக நினைத்துக்கொள்ளாதே’ என்கிறான். பையன் அதற்கு நேராகப் பதில் சொல்கிறான்: வேலை என்று நீ சொல்லிக்கொண்டால் அது நியாயமாகிவிடுமா? அரசாங்கத்தையும் வட்டியையும் திட்டும் பாட்டுகள் எத்தனையோ உண்டு. தெரிந்த முகத்தை எதிரில் நிறுத்தி, சிநேகிதத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவில் நின்று பேசும் பாட்டு அபூர்வம். அரனாஃபின் டிரம்ஸ் இதில் அணிவகுப்புபோல நடக்கும். கிதார் அழாது, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்.

இந்த ஆல்பத்தைக் கேட்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: பாட்டுகளின் வரிசையை மாற்றாமல் கேளுங்கள். முதலில் நிலம் போன பையனின் பாட்டு. அது முடிந்ததும் மெல்லன்கேம்பின் பாட்டி லாரா, தழுதழுக்கும் முதிய குரலில், ஒரு நிமிடம் போல ஒரு பழைய பாட்டைப் பாடுகிறார். அதன் பிறகுதான் ‘ஸ்மால் டவுன்’. அந்த இடத்தில் வைத்துக் கேட்டால் அது விளம்பரப் பாட்டாகவே ஒலிக்காது. சின்ன ஊரில் பிறந்தேன், சின்ன ஊரில் இருக்கிறேன், அங்கேயே செத்தும் போவேன் என்பவன், அந்த ஊர் ஏலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது அதைச் சொல்கிறான். பிடிவாதம் அது. தனியாக வெட்டியெடுத்து மைதானத்தில் போட்டால் வெறும் குதூகலமாகிவிடுகிறது.

‘ஸ்மால் டவுன்’ எழுதியது புளூமிங்டன் வீட்டில், துணி துவைக்கும் அறையில். விருந்தாளிகள் வந்திருந்தார்கள், பாட்டு வந்துவிட்டது, அதனால் அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். வெளியே வந்தபோது, உள்ளே பாடியது கேட்டுவிட்டவர்கள் சிரித்தார்களாம். சின்ன ஊர், சின்ன ஊர் என்று இத்தனை முறை சொல்வதெல்லாம் ஒரு பாட்டா? அந்தத் திரும்பத் திரும்பச் சொல்லும் எளிமைதான் அதை நாற்பது வருடமாக நிற்கவைத்திருக்கிறது. பதிவுக்குமுன் குழுவினர் 60-களின் பாட்டுகளை நூறு போல வாசித்துப் பழகினார்கள். அந்தச் சத்தம் எப்படி எழும்பியது என்பது கைக்கே தெரியவேண்டும் என்பது மெல்லன்கேம்பின் பிடிவாதம்.

அதே வருடம் ஜூலை 13-ல் லைவ் எய்ட் நடந்தது. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டும் மேடையில் நின்று பாப் டிலன், இதில் ஒரு பங்கை இங்கே அடமானத்தில் சிக்கிய விவசாயிகளுக்கும் கொடுக்கலாமே என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். சொன்ன இடம் சரியில்லை என்று பலருக்கு வருத்தம். ஆனால் பாடகர் வில்லி நெல்சன் அதைப் பிடித்துக்கொண்டார். நெல்சன், பாடகர் நீல் யங், மெல்லன்கேம்ப் மூவரும் சேர்ந்து செப்டம்பர் 22-ம் தேதியே இல்லினாயின் ஷாம்பெய்ன் நகரில் முதல் ஃபார்ம் எய்ட் நிகழ்ச்சியை நடத்திவிட்டார்கள். இரண்டு மாதம், சொச்சம் நாட்கள், அவ்வளவுதான். மழையில் நனைந்துகொண்டே 80,000 பேர் அளவுக்கு வந்தார்கள். 70 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

இந்த மாதிரி நிகழ்ச்சிகள் ஒருநாள் கூத்தாக முடிவது வழக்கம். இது முடியவில்லை. விவசாயிகள் கூப்பிட்டு உதவி கேட்க ஒரு தொலைபேசி எண் வைத்தார்கள், சட்ட ஆலோசனைக்குப் பணம் கொடுத்தார்கள். 1987-ல் நெல்சனும் மெல்லன்கேம்பும் விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய்ச் சாட்சி சொன்னார்கள். அந்த வருடம் நிறைவேறிய வேளாண் கடன் சட்டம், ஜப்திக்குமுன் கடனை மறுசீரமைக்க விவசாயிகளுக்கு வழி செய்தது. பாடகர்களால் வந்த சட்டம் என்று சொன்னால் அது மிகை. போராடியவர்கள் விவசாயச் சங்கத்தினரும் வழக்கறிஞர்களும்தான். பாடகர்கள் செய்தது, அவர்கள் பேசும்போது கேமரா திரும்பும்படி பார்த்துக்கொண்டது. 2025-ல் மினியாபொலிஸ் நகரில் ஃபார்ம் எய்ட் தன் நாற்பதாவது ஆண்டைக் கொண்டாடியது. மெல்லன்கேம்ப் இன்னும் அதன் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்.

1987-ல் வந்த ‘த லோன்சம் ஜுபிலி’ சத்தத்தை முழுவதுமாக மாற்றியது. குழுவினர் ஒவ்வொருவரையும் புதிதாக ஒரு வாத்தியம் கற்கச் சொன்னார். பாஞ்சோ, ஆட்டோஹார்ப், டல்சிமர், மாண்டலின். லிசா ஜெர்மானோவின் ஃபிடிலும் ஜான் கசெல்லாவின் அக்கார்டியனும் மின் கிதாரோடு சரிக்குச் சரி நின்றன. கிராமியக் கருவிகளை ராக் குழுவில் ஓரமாக அலங்காரத்துக்கு வைப்பது உண்டு. ‘பேப்பர் இன் ஃபயர்’ பாட்டில் அவைதான் அடி கொடுக்கின்றன. பின்னால் அமெரிக்கானா என்று தனிக் கிளையாக வளர்ந்த இசைக்கு இந்த ஆல்பம் முன்னோடிகளில் ஒன்று என்பது என் அபிப்பிராயம். அதற்கு உரிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

1989-ன் ‘பிக் டாடி’ நட்சத்திர வாழ்க்கையில் களைத்துப்போனவரின் ஆல்பம். ஓவியத்தில் இறங்கினார், அது பொழுதுபோக்காக நிற்கவில்லை, பிற்காலத்தில் கண்காட்சிகள் வைக்கும் அளவுக்குப் போனது. 1991-ல் ‘வெனெவர் வி வாண்டட்’ ஆல்பத்தில்தான் அட்டையில் ஜான் மெல்லன்கேம்ப் என்று மட்டும் இருந்தது. முதல் ஆல்பம் வந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அப்பா கொடுத்த பெயரில் பாட ஒரு மனிதர் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1994-ல் பாடகி மீஷெல் இன்டேகியோசெல்லோவோடு பாடிய ‘வைல்ட் நைட்’ மூன்றாமிடம் போய்க்கொண்டிருந்த சமயத்தில், நாற்பத்திரண்டு வயதில் மாரடைப்பு வந்தது. சுற்றுப்பயணம் நின்றது. சிகரெட் மட்டும் நிற்கவில்லை. அந்தப் புகைதான் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, இன்று கேட்கும் கரகரப்பாக மாற்றியது.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல முடியாது. பாட்டை விளம்பரத்துக்கு விற்பதைப் பல வருடம் எதிர்த்துப் பேசியவர், 2006-ல் ‘அவர் கன்ட்ரி’ என்ற பாட்டை ஷெவர்லே சில்வராடோ டிரக் விளம்பரத்துக்குக் கொடுத்தார். அந்த இலையுதிர்காலம் முழுக்க விளையாட்டு ஒளிபரப்புகளின் இடைவேளையில் அது ஓடியது, ஓடியது, கேட்பவர்களுக்குச் சலிக்கும்வரை ஓடியது. என் வயதுக்காரர் பாட்டை வானொலி போடாது, வேறு எப்படி ஜனங்களிடம் சேர்ப்பது என்பது அவர் தரப்பு. அதில் உண்மை உண்டு. ஆனாலும் பாட்டுகள் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன என்று வருந்துகிறவர் அதற்குத் தானே ஒரு வழி திறந்துவிட்டதுபோல ஆயிற்று. அந்தப் பாட்டை இன்று யோசித்தால் டிரக்தான் நினைவுக்கு வருகிறது.

அதற்குப் பிறகு அவர் எதிர்த்திசையில் நடந்தார். தயாரிப்பாளர் டி போன் பர்னெட்டோடு சேர்ந்து சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். 2010-ன் ‘நோ பெட்டர் தேன் திஸ்’ ஆல்பத்துக்கு ஒரு பழைய மைக்ரோஃபோன், 1955-ம் வருடத்து ஆம்பெக்ஸ் டேப் மெஷின், அவ்வளவுதான். ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்பதை வைத்தே ஒலியின் அளவு அமையும். பிழை வந்தால் முதலிலிருந்து பாடவேண்டும். பதிவு செய்த இடங்கள் மூன்று: மெம்ஃபிசின் சன் ஸ்டூடியோ, ஜார்ஜியாவின் சவானாவில் உள்ள முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் தேவாலயம், சான் அன்டோனியோவின் கன்ட்டர் ஹோட்டலில் 414-ம் அறை. அந்த அறையில்தான் 1936 நவம்பரில் ராபர்ட் ஜான்சன் தன் புளூஸ் பாட்டுகளைப் பதிவு செய்தார். அடிமைகளாக இருந்தவர்கள் எழுப்பிய சவானா தேவாலயத்தில் பாடப்போன மெல்லன்கேம்ப் அங்கேயே ஞானஸ்நானமும் பெற்றுக்கொண்டார்.

2008-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள். எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கோடு சேர்ந்து எழுதிய இசை நாடகம் 2012-ல் அட்லாண்டாவில் மேடையேறியது. 2022-ல் வந்த ஆல்பத்தில் ஸ்பிரிங்ஸ்டீன் கூடப் பாடினார்; எழுபது தாண்டிய இரண்டு பேர், வீணாய்ப்போன நாட்களைப் பற்றி.

மேடையில் இந்த வருடங்களில் அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. ‘ஸ்கேர்குரோ’ ஆல்பத்தில் பாடிய அதே பாட்டி லாரா நூறு வயது வரை இருந்தார். ஒருநாள் படுத்திருந்தபடி, பக்கத்தில் வந்து படு, ஜெபம் செய்வோம் என்று பேரனைக் கூப்பிட்டார். கூகர் என்றும் இல்லை, மெல்லன்கேம்ப் என்றும் இல்லை, பாட்டிக்கு அவர் எப்போதும் ‘பட்டி’தான். பாட்டி ஜெபத்தைத் தொடங்கினார்: கடவுளே, நானும் பட்டியும் உன்னிடம் வரத் தயாராக இருக்கிறோம். பேரன் பதறிப்போனார். பாட்டி, நான் தயாராக இல்லை, எனக்குச் செய்யவேண்டிய பாவங்களே இன்னும் பாக்கி இருக்கின்றன என்றார். கோபித்துக்கொண்ட பாட்டி அப்போது சொன்னதுதான், வாழ்க்கை அதன் மிக நீண்ட நாட்களில்கூடச் சின்னதுதான் என்பது. அதை வைத்து எழுதிய ‘லாங்கெஸ்ட் டேஸ்’, 2008-ல் வந்த ஆல்பத்தின் முதல் பாட்டு. அதில் டிரம்ஸ் இல்லை. சேர்ந்து கத்திப் பாடுவதற்கான பல்லவியும் இல்லை.